பீரோ காட்டிய திசை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் வரும் சர்வேயர் என் தம்பி. ரயிலில் யாரோ சொன்ன கதை என்றுதான் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வரியிலேயே கை கூசியது. அவனை வீட்டுக்குத் திரும்ப வரவழைக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். நேரில் கெஞ்சிப் பார்த்தாயிற்று. கதையிலாவது நான் சொன்னபடி கேட்பான் என்று ஓர் அற்ப ஆசை.

ஆறு வருஷத்துக்கு முன் அவன் இஸ்லாத்துக்கு மாறினான். விரும்பிய பெண்ணைக் கட்டிக்கொள்ள அது ஒன்றுதான் வழி என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். இரண்டு சாட்சிகளுக்கு முன் கலிமா என்கிற உறுதிமொழியைச் சொன்னான். ‘எல்லாம் அந்தப் பொண்ணுக்காகத்தான்’ என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம். போன வருஷம் அவள் நோயில் போய்ச் சேர்ந்தாள். குழந்தை இல்லை. ஆனாலும் இவன் தொழுகையை விடவில்லை.

(‘போய்ச் சேர்ந்தாள்’. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்! அவள் ‘அக்கா’ என்று கூப்பிட்ட போதெல்லாம் காது கேட்காத மாதிரி இருந்தவள் நான்.)

2

தொடக்கம், முதல் வரைவு: ‘அறை மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அவன்’

[அடித்துவிட்டேன். குடித்தவன் மாதிரி இருக்கிறான்.]

இரண்டாவது: ‘ஒரு மதியம், மனைவியின் பீரோவை அவளுடைய அண்ணன்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.’

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த இரும்பு பீரோ அது. அது போனதும், இத்தனை நாள் எட்டாத மூலைக்கும் வெளிச்சம் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் தரையில் தொழுகை விரிப்பை விரித்தான். என்னவோ தோன்றி, தொழும் திசையைக் காட்டும் முள்ளைப் போனில் திறந்து பார்த்தான். முள் சுவரைக் காட்டவில்லை. ஜன்னலைக் காட்டியது.

கல்யாணமான முதல் வாரம், பீரோவில் சாய்ந்தபடி இதே மாதிரி போனைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம்தான் என்று சுவரைக் காட்டியவள் அவள். மக்காவில் கஅபா இருக்கும் திசை என்று நம்பி ஆறு வருஷம், நாளுக்கு ஐந்து வேளை, அந்தச் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறான். இரும்புக்குப் பக்கத்தில் முள் பொய் சொல்லும்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: சர்வேயர்கள் காம்பஸை எடுக்கும் முன் சாவிக்கொத்தைக்கூடத் தள்ளி வைப்பார்கள். ஒருமுறை குடையோடு பக்கத்தில் நின்றதற்கு என்னைப் பத்தடி தள்ளி விரட்டியவன் இவன். ஊரார் நிலத்துக்கெல்லாம் திசை பார்த்துக் கொடுத்தவன் சொந்த அறையில் ஒருதடவைகூடச் சரிபார்க்கவில்லை. அவள் சொன்னாள், நின்றான்.)

3

இதை அவன் என்னிடம் சொன்னபோது, மாட்டிக்கொண்டாயா என்று உள்ளுக்குள் துள்ளினேன். இத்தனை நாள் நீ நின்றது கடவுளை நோக்கியா, அவளை நோக்கியா? கதையின் கேள்வி இதுதான் என்று அன்றைக்கே குறித்துவைத்தேன்.

அவனுக்கும் அதே கேள்விதான். பள்ளிவாசல் இமாமிடம் போனான். தெரியாமல் தொழுததில் குற்றமில்லை, தெரிந்துவிட்டது அல்லவா, இனிமேல் திரும்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் ஓடாத மின்விசிறியைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிட்டார். இவன் கேட்கப் போனது வேறு. அதைக் கேட்க வாய் வரவில்லை.

அன்று பகல் தூக்கத்தில் ஒரு கனவு. டேப்பைப் பிடித்து அறையை அளக்கிறான். மறுமுனை அவள் கையில். இவன் ஓரடி நகர்ந்தால் சுவரும் ஓரடி நகர்கிறது. எவ்வளவு என்று அவள் கேட்கிறாள், இன்னும் வரவில்லை என்கிறான். அறை வயல்போல் விரிந்துகொண்டே போகிறது. நடுவில் அப்பா டேப்பை மிதித்துக்கொண்டு நிற்கிறார்.

(அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தியது நான். செத்துப் பத்து வருஷமான மனுஷர். கனவில் அவர் வந்ததாகத் தம்பி சொல்லவில்லை. பின்னாலேயே தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று வரிசை கட்டவும் திட்டமிருந்தது. ரத்தம் கூப்பிடுகிறது என்று காட்ட வேண்டாமா?)

4

முடிவுகள் இரண்டரை எழுதினேன்.

ஒன்று: விரிப்பை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். அம்மா கதவைத் திறக்கிறாள். (எழுதும்போதே அழுதுவிட்டேன்.)

இரண்டு: அவள் காட்டிய சுவரைப் பார்த்தே கடைசிவரை தொழுகிறான். காதல் காவியம்.

மூன்று: ‘அவன் ஜன்னல் பக்கம் திரும்பி’

[அதற்கு மேல் வரவில்லை.]

நேற்று பிற்பகல் தாள்களை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து, அளவுக்குறிப்பைப் பார்ப்பதுபோல் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தான்.

"ஒண்ணுல அம்மாவுக்காக வரேன். இன்னொண்ணுல அவளுக்காக நிக்கறேன். எனக்காக நான் எங்கயுமே இல்லையேக்கா."

"நீ மாறினதே அவளுக்காகத்தானேடா? பொய் சொல்லாதே."

"ஆமா, அவளுக்காகத்தான்." கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "அது எப்ப மாறுச்சுன்னுதான் தெரியல. அவ ஆஸ்பத்திரில கிடந்தப்ப, பிழைக்கணும்னு கேட்டுக்கேட்டுத் தொழுதேன். பிழைக்கல. மறுநாள் காலையில போய் நின்னேன். கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா நின்னேன். போகணும்னு தோணல."

அப்படியென்றால் நீ அப்பா பிள்ளை இல்லையா என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

"அப்பா பிள்ளைதான். அது எங்க போகப்போகுது?" என்றான்.

5

பள்ளிவாசலிலிருந்து பிற்பகலின் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. கைகால் கழுவிக்கொண்டு வந்து விரிப்பை விரித்தான். அதன் நுனி என் காலில் வந்து இடித்தது. அறையிலிருந்த ஒரே நாற்காலியில், சரியாக ஜன்னலுக்கு முன்னால், நான் உட்கார்ந்திருந்தேன்.

தொழுகிறவர் முன்னால் ஆள் அப்படி முகம்பார்த்து உட்காரக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு நான் இருப்பதும் தெரியும். எழுந்திரு என்று அவன் சொல்லவில்லை. பழைய சுவர்ப் பக்கமும் திரும்பவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, என் தலைக்கு மேல் ஜன்னலைப் பார்த்தபடி, அவசரமே இல்லாதவன்போல் நின்றான்.

இதோடு நிறுத்துகிறேன். அவன் முடிவை அவன் எடுத்தாயிற்று, அதில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மிச்சமிருப்பது நாற்காலியில் இருக்கும் அந்த அக்கா. எழுந்தால், அவன் இனி வீட்டுக்கு வரமாட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். உட்கார்ந்தே இருந்தால், இருக்கிற தம்பியும் போய்விடுவான். நான் எழுதினால் எனக்கு வசதியாக எழுதிக்கொள்வேன், என்னை நம்பாதீர்கள். நீங்களே சொல்லுங்கள், அவள் எழுந்தாளா?

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவன் நின்றுகொண்டிருக்கிறான்.