ஏழாம் கட்டம்

படகின் அறைக்குள் குனிந்து நுழைந்த கேப்டனின் புறங்கையில் ஒரு துளி சொட்டியது. தண்ணீர் என்றுதான் நினைத்தார். தண்ணீராக இருந்தால் உருண்டு ஓடியிருக்கும். இது விழுந்த இடத்திலேயே சப்பென்று உட்கார்ந்துகொண்டது. விரலால் தொட்டுப் பிரித்தபோது நூலாக நீண்டது. தேன் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. ரெசின். மேல்தளத்தில் மரம் பதிக்க அவர் ஊற்றிய பசை. அதுவும் காயாமல்.

அது ஊற்றிப் பதினோரு நாள் ஆகிறது. ஊற்றிய ஒரு மணி நேரத்தில் கல்லாகியிருக்க வேண்டிய பொருள்.

அண்ணாந்து பார்த்தார். கூரையில், முன்பக்கக் கைப்பிடிக் கம்பியின் கால் இறங்கும் இடத்தில் நான்கு போல்ட் முனைகள் தெரிந்தன. மூன்று காய்ந்திருந்தன. நான்காவதன் நுனியில் அடுத்த துளி திரண்டுகொண்டிருந்தது. அதற்கு அவசரமே இல்லை.

சனிக்கிழமை பிற்பகல். பட்டறைக் கொட்டகையில் ஈ காக்கை இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ட்ராலி வந்து படகைத் தண்ணீரில் இறக்கப் போகிறது. மகள், மாப்பிள்ளை, சம்பந்தி, நாலு வயதுப் பேத்தி என்று எல்லோரும் வருகிறார்கள். பேத்திக்குப் படகில் ஒரே ஒரு இடம்தான் பிடிக்கும். முன்னால் போய்க் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்துத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அந்தக் கம்பியின் கால்தான் இது.

துளியைத் துடைத்தார். அதற்கு நேர் கீழே கிடந்த படுக்கை மெத்தையில் கறை இருக்கிறதா என்று பார்க்க அதைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். மெத்தையின் அடிப்பக்கத்தில் ஏழெட்டுப் பிசுபிசுத்த வட்டங்கள். அவற்றின்மேல் நாலாக மடித்த செய்தித்தாள் ஒட்டிக்கிடந்தது. மெத்தையை யாரோ முன்பே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். அவர் புரட்டவில்லை.

அப்படியானால் வேறு யாருக்கோ தெரிந்திருக்கிறது.

கேப்டன் முப்பத்தாறு வருஷம் ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் பயணிகள் படகு ஓட்டியவர். "இவர் படகில் ஒரு பயணியின் செருப்புகூட நனைந்ததில்லை" என்று ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி மேடையில் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதும் என்று மற்றப் பாராட்டையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர் அவர்.

இந்தப் படகு அவருடைய அப்பா வைத்திருந்தது. ஃபைபர் உடம்பு இன்னும் இரும்பாகத்தான் இருந்தது. மேல்தளமான டெக் மட்டும் கெட்டுவிட்டது. மேலே நடந்தால் மெத்தையில் நடப்பதுபோல அமுங்கியது. பட்டறைக்காரர் ஒரு நாணயத்தால் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்றது. கெட்ட இடத்தில் 'தொப் தொப்' என்றது. மேலும் கீழும் ஃபைபர் தோல், நடுவே மரம். அந்த மரம் ஊறி அழுகிவிட்டது என்றார்.

"ஆளு வெச்சுப் பண்ணிக்குங்க கேப்டன். வயசான காலத்துல எதுக்கு இந்த இம்சை?"

"எங்கப்பா படகுல வாடகைக் கை படாது," என்றார் கேப்டன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் வீட்டில் எந்தப் பேச்சும் அப்படித்தான் முடியும்.

சொன்னபடி செய்தார். டெக்கைச் சாக்பீஸால் ஒன்பது கட்டமாகப் பிரித்து எண் போட்டார். ஒவ்வொரு கட்டமாக மேல்தோலைக் கிரைண்டரால் அறுத்தெடுத்தார். உள்ளே மரம், கொதித்துச் சக்கையான டீத்தூள் மாதிரி இருந்தது. கரண்டியால் வாரி, சுரண்டி, காயவைத்து, ரெசினைப் பரப்பி, அதன்மேல் புது ப்ளைவுட்டைப் பதித்து, அதற்கு மேலே ஃபைபர் மேட் என்ற கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து விரித்து மூடினார். கண்ணாடித் தூள் கழுத்திலும் முழங்கையிலும் புகுந்து ஊசியாகக் குத்தியது. ஒரு நாளும் வாய்விட்டு அரிக்கிறது என்று சொன்னதில்லை.

ரெசினில் ஹார்டனர் சேர்த்தால்தான் அது இறுகும். கூடினால் புகைந்துவிடும், குறைந்தால் இளகியே கிடக்கும். அளவு தவறக் கூடாது என்று கேப்டன் ஒரு வழி வைத்திருந்தார். மரம் பதிக்க ஒன்பது வாளி ரெசின் என்றால், முதல் நாளே ஒன்பது சின்ன மருந்து பாட்டில்களில் ஹார்டனரை அளந்து அடைத்துவிட்டார். வாளிக்கு ஒரு பாட்டில். தவறு நடக்க இடமே இல்லை என்று மனைவியின் தம்பியிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்த மச்சான்தான் அவருக்குக் கூடமாட ஒத்தாசை. ஸ்கூல் பஸ் டிரைவர். விடுமுறை ஆதலால் வந்து பலகை பிடித்தான், ரோலர் உருட்டினான். ஐம்பது வயது ஆனாலும் அத்தான் முன்னால் உட்கார மாட்டான்.

இப்போது படகின் அறைக்குள் நின்றபடி, ஏழாம் கட்டம் பதித்த நாளை நினைத்துப் பார்த்தார். வாளியில் ரெசின் ஊற்றியாகிவிட்டது. பாட்டிலைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. பல் டாக்டரான சம்பந்தி.

"என்ன சம்பந்தி, நீங்களே எல்லாம் பண்றீங்களாமே! மருமக சொன்னா."

"பின்ன? எல்லாம் என் கையால. வேற ஒரு கை படல."

பலகையைத் தாங்கிக்கொண்டிருந்த மச்சான் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்ப இது என்ன, காலா?" என்று பலகையிடம் முணுமுணுத்தான்.

போனை வைத்துவிட்டு வந்து வாளியைக் கலக்கினார். அப்போது மச்சான் கேட்டான்.

"ஹார்டனர் ஊத்தியாச்சா அத்தான்?"

"முப்பத்தாறு வருஷம் படகு ஓட்டினவன்கிட்ட கேக்குற கேள்வியாடா இது? உன் பஸ்ஸுக்கு டீசல் போட்டியான்னு நான் வந்து கேட்டேனா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டாம் கட்டத்திலும் ஒன்பதாம் கட்டத்திலும் மச்சான் வாயே திறக்கவில்லை.

கேப்டன் படகிலிருந்து ஏணி வழியாக இறங்கினார்.  கொட்டகைத் தூணில் ஆணியில் அவருடைய பழைய வேலைச் சட்டை தொங்கியது. ஏழாம் கட்டத்தன்று ரெசின் பட்டுப் பாழானது என்று கழற்றி மாட்டியது. பையில் கை விட்டார்.

பாட்டில் இருந்தது. நிறைந்தே இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

மேலே ஏறி நாணயத்தால் தட்டினார். ஆறாம் கட்டம், டக். எட்டாம் கட்டம், டக். ஏழில் தட்ட மனம் வரவில்லை. தட்டினார். தொப். வெள்ளைப் பெயின்ட் பளபளத்தது. அதற்குக் கீழே, தனியாகக் கலந்த ரெசினில் விரித்த இரண்டு சுற்று ஃபைபர் மேட் காய்ந்து கெட்டியாக இருந்தது. அதற்கும் கீழே ப்ளைவுட் ஒரு வாளிக் கூழில் மிதந்துகொண்டிருந்தது. மேலே நின்றால் தெரியாது. கம்பியில் சாய்ந்தால்?

சம்பந்தியின் சிரிப்பு காதில் கேட்டது. பிறகு பேத்தியின் இரண்டு உள்ளங்கைகள் கண்முன் வந்தன. கேப்டன் நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி அறைக்குள் இறங்கி மெத்தையை முன்பிருந்தபடியே புரட்டி வைத்தார். வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நாளைக்கு ரெடிதானே?"

"ரெடி."

"எல்லாம் காஞ்சிடுச்சாங்க?"

கேப்டன் நிமிர்ந்தார். திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய வேலை சரியா என்று அவள் கேட்ட முதல் கேள்வி அது. "ஏன், காயாம என்ன?" என்றார். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்கினாள். சாப்பிட்டு முடிக்காத தன் தட்டையும் சேர்த்துக் கழுவினாள்.

படுக்கையில் கிடந்து ஒரு வழி கண்டுபிடித்தார். 'பெயின்ட் இன்னும் காயவில்லை, முன்பக்கம் யாரும் போகக் கூடாது.' சொன்னால் போதும். அவர் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பிவிடலாம். திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் அறுத்துச் சரி செய்துவிடலாம். அந்த எண்ணம் வந்ததும் தூக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வந்துவிட்டார்கள். ட்ராலிக்காரர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் ஏணியில் ஏறி டெக்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"சம்பந்தி! என் க்ளினிக் தரைகூட இவ்வளவு சுத்தமா இல்ல."

"முன்பக்கம் மட்டும் யாரும் போக வேண்டாம். பெயின்ட் காயல."

டாக்டர் குனிந்து ஏழாம் கட்டத்தில் விரல் வைத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். "காஞ்சிருக்கே?"

"காயல," என்றார் கேப்டன்.

 டாக்டர் விரலை வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொண்டார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

அதற்குள் மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கி மேலே விட்டிருந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக முன்பக்கம் ஓடினாள்.

"ஏய்! நில்லுடீ!"

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. குழந்தை ஆறாம் கட்டத்தில் நின்றுவிட்டாள். கண் நிறைந்தது, ஆனால் அழவில்லை. அழுதால் இன்னும் திட்டு விழும் என்று அந்த வயதிலேயே தெரிந்து வைத்திருந்தாள். கேப்டன் திரும்பிப் பார்த்தார். கீழே மகள் தலையைக் குனிந்திருந்தாள். மாப்பிள்ளை ஏணியைப் பார்த்தார். மச்சான் ஏழாம் கட்டத்துக்கு நேர் கீழே படகின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது ஆள்காட்டி விரல் நகத்தோரம் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கிடந்தது. சோப்புக்குப் போகாத மஞ்சள்.

ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

அந்த அமைதியில் நேற்றுப் பிற்பகலிலிருந்து இருந்த பயம் போய், அதைவிடப் பெரிய ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இவர்கள் எல்லோரும் அவருக்காக வாயை மூடிக்கொண்டு, அவர் கட்டிய படகில் அப்படியே ஏறுவார்கள். அவர் முகம் சுளிக்கக் கூடாது என்று ஆற்றுக்குள்ளும் வருவார்கள்.

கேப்டன் முன்னால் போனார். குழந்தையைத் தூக்கி டாக்டரிடம் கொடுத்தார். கம்பியைப் பிடித்து, அவள் சாய்கிற பக்கமாகவே தன் உடம்பைச் சாய்த்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கீழே ஏதோ வழுக்கியது. கம்பியின் கால் சாய்ந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பெயின்டில் மயிரிழைக் கோடுகள் எல்லாத் திசையிலும் ஓடின. கோடுகளுக்குள்ளிருந்து மஞ்சளாக, மெதுவாக, அது ஊறி வந்தது.

"ஆடுதே," என்றார் பல் டாக்டர், பழக்கத்தில்.

"ஆடுது," என்றார் கேப்டன். "நான் ஹார்டனர் ஊத்தல. மறந்துட்டேன். மச்சான் கேட்டான். கேட்டவனை நான்தான் திட்டினேன்." இவ்வளவையும் சொல்ல அவருக்கு நான்கு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "தண்ணில இன்னைக்கு இறங்காது. ட்ராலியைத் திருப்பி அனுப்புங்க."

ட்ராலிக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் குழந்தையின் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டார்.  

கேப்டன் மனைவியைப் பார்த்தார். "எத்தனை நாளா துடைக்கிற?"

"ஆறு நாளா."

"சொல்லியிருக்கலாமில்ல?"

 அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு கேப்டனும் மச்சானும் ஏழாம் கட்டத்தை அறுத்துத் திறந்தார்கள். கூழை வழித்து, துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. புதுப் பலகை தயார். கேப்டன் வாளியில் ரெசினை ஊற்றினார். பழைய சட்டைப் பையிலிருந்த அதே பாட்டிலை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். வாளியைக் கலக்கத் தொடங்கினார். குச்சி கெட்டியாகச் சுற்றியது.  குழந்தை அந்தக் கம்பியைப் பிடித்துச் சாய்வதே கண்ணில் நின்றது. கலக்கிக்கொண்டே இருந்தார்.

மச்சான் பலகையைப் பிடித்தபடி எதிரே நின்றான். வாளியைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். 

"என்னடா?" என்றார் கேப்டன். "ஏதோ கேக்க வந்த."

"ஒண்ணுமில்ல அத்தான்."

"கேளுடா."

மச்சான் பலகையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"ஹார்டனர் ஊத்தியாச்சா?"

ஊற்றியாயிற்று என்றுதான் கேப்டனின் நாக்கு எழுந்தது. ஊற்றியது அவருக்கு நிச்சயமாகவும் இருந்தது. ஆனாலும் குச்சியை விட்டுவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

பாட்டில் அங்கேதான் இருந்தது.

"இல்ல," என்றார்.