தாழ மாட்டிய சர்வோ

முருகானந்தத்துக்கு வீரமலையைக் கண்டாலே ஆகாது. அந்த ஆள் சிரிச்சா ஆகாது, இருமினா ஆகாது, பக்கத்து இலையில உக்காந்து ரசத்தை உறிஞ்சினா சுத்தமா ஆகாது. ரெண்டு பேரும் சகலைங்க. ஸ்ரீரங்கத்துல வாழைக்காய் வியாபாரம் பண்ற ராசப்பனோட மூத்த பொண்ணு பானுமதியைக் கட்டினவன் வீரமலை, இளையவ வேணியைக் கட்டினவன் முருகானந்தம். மாமனார் வீட்டுக்குப் பெரிய மாப்பிள்ளை வந்தா ஃபேன் அவர் பக்கம் திரும்பும். சின்ன மாப்பிள்ளை வந்தா, "வாங்க, செருப்பை ஓரமா விடுங்க"ன்னு உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வரும். பெரியவருக்கு முசிறியில வாழைத் தோப்பு, மண்டி, காரு. சின்னவருக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, நாலு பேர் நின்னா நிறைஞ்சு போற செல்போன் கடை. கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே கதைதான்.

அவனுக்குன்னு இருந்தது ஒரே ஒரு இடம். கே.கே. நகரைத் தாண்டி, கல் எடுத்து முடிச்சுக் கைவிட்ட ஒரு குவாரி. ஞாயித்துக்கிழமை காலையில கொஞ்சம் பேர் அங்க கூடுவாங்க, ஆளுக்கொரு ரிமோட் வண்டியோட. வேகமா ஓடுற ரேஸ் வண்டின்னு நினைச்சுக்காதீங்க. இது பாறை ஏறுற வண்டி. முழங்கை நீளம், கொழுத்த டயரு, ஊர்ந்துதான் போகும், ஆனா செங்குத்துப் பாறையையும் கவ்விக்கிட்டு ஏறும். அங்க முருகானந்தம் யாருக்கும் சின்ன மாப்பிள்ளை கிடையாது. "முருகா வந்தாச்சா? அவர் எந்த வழியா ஏத்துறாருன்னு பாத்துக்கங்கப்பா"ன்னு மத்தவங்க காத்திருப்பாங்க. வாரம் பூரா பட்ட அவமானத்தை அந்த ஒரு காலையில கழுவிட்டு வருவான்.

அங்கேயும் வந்து சேர்ந்தான் வீரமலை. வேணி வாய் தவறி அக்காகிட்ட சொன்னதுதான் வினை. மறு வாரமே, இருக்கிறதுலயே ஒசத்தியான வண்டியோட கார்லேருந்து இறங்கி, "நமக்கும் ஒரு இடம் போடுங்கப்பா"ன்னான். ஒரு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாது அந்த மனுஷனுக்கு. உறையூர்ல வண்டிப் பாகம் விக்கிற ஹாலித்தான் எல்லாத்தையும் மாட்டிக் கொடுப்பான். ஆனா வாரா வாரம் பிரியாணிப் பொட்டலம் வந்துச்சா, கூட்டம் மெல்ல அந்தப் பக்கம் சாஞ்சுது. முருகானந்தத்துக்கு வயிறு எரிஞ்சுது.

அவன் விடல. முன் சக்கரத்தைத் திருப்புறதுக்கு வண்டியில ஒரு சின்ன மோட்டார் பெட்டி உண்டு, சர்வோன்னு பேரு. எல்லாரும் அதை முன்பக்கம் மேலாக்க நிமிர்த்தி வெச்சிருப்பாங்க. கனம் மேலே இருக்கவும் சரிவுல வண்டி கவுந்துக்கும். முருகானந்தம் அதைக் கழட்டினான். அலுமினியத் தகடு ஒண்ணை வளைச்சு, பம்பருக்குப் பின்னால, அச்சோட ஒட்டினாப்புல தாழக் கொண்டு போய்த் தலைகீழா மாட்டினான். முதல் நாள் வலது பக்கம் திருப்பினா வண்டி இடது பக்கம் போய்க் குழியில விழுந்துச்சு. தலைகீழா மாட்டினா திசையும் தலைகீழாத்தான் போகும்னு அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. ரிமோட்டுல திசை மாத்துற குட்டி ஸ்விட்ச் இருக்கு. அதை நகத்தால தள்ளினான், எல்லாம் சரியாச்சு. அடுத்த ஞாயிறு, வீரமலை வண்டி உருண்டு உருண்டு விழுந்த பெரிய பாறையை இவன் வண்டி பல்லி மாதிரி ஏறி உச்சியில நின்னுச்சு.

ஜெயிச்சவன் வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம். "நீங்க வாழைத்தாரை லாரியில ஏத்துங்க, பாறையை எங்ககிட்ட விடுங்க"ன்னுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. வீரமலை முகம் கறுத்துப் போச்சு.

"அடுத்த வாரம் நீயும் நானும் மட்டும். தோக்குறவன் இந்தக் குவாரிப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதங்க."

சொல்லிட்டானே ஒழிய, அந்த வாரம் பூரா சோறு இறங்கல. தோத்தா ஞாயித்துக்கிழமையே இல்லாமப் போகும். வேணி, "பொம்மை வண்டிக்குப் போய் இப்படியா?"ன்னா. "பொம்மையா? என் மூச்சுடி அது"ன்னு கத்தினான்.

குவாரியில எல்லாருக்கும் மூத்தவரான கலீம் பாய் வெச்சதுதான் சட்டம். வந்ததும் பேட்டரியைக் கழட்டிட்டு, வண்டியையும் ரிமோட்டையும் தார்ப்பாயில வைக்கணும். யார் வண்டியை யார் வேணாலும் குனிஞ்சு, புரட்டிப் பாக்கலாம். ஒளிவு மறைவு கூடாதுன்னு அப்படி ஒரு வழக்கம். கிளம்புற கோட்டுல வெச்சு பேட்டரியை மாட்டினதும் உடனே கிளம்பணும். அப்புறம் ரிமோட்டுல ஓட்டுறதைத் தவிர வேற எதையாவது தொட்டா ஆட்டம் காலி.

வீரமலை கடைசியா வந்தான். வண்டியை வெச்சுட்டுப் பொட்டலம் பிரிக்கப் போயிட்டான். மத்தவங்களும் பசிக்கு அங்கேயே போயிட்டாங்க. முருகானந்தம் தார்ப்பாய் பக்கத்துல தனியா நின்னான். 'இவன் வண்டியைக் குனிஞ்சு பாக்க நான் என்ன இவன் மண்டிக் கூலியா?' வண்டியை ஏறெடுத்துக்கூடப் பாக்கல. அவன் கண்ணு ரிமோட் மேலதான் இருந்துச்சு. குனிஞ்சான், செருப்பைச் சரி பண்ற மாதிரி. வீரமலையோட ரிமோட்டுல அந்தக் குட்டி ஸ்விட்சை நகத்தால தள்ளிவிட்டான். உருளுடா, உருண்டு விழு. நிமிர்ந்தா கலீம் பாய் இவனையே பாத்துக்கிட்டு நின்னாரு. தலையை ஆட்டிட்டுப் பொட்டலம் பக்கம் போயிட்டாரு.

முதல்ல முருகானந்தம் ஏத்தினான். உச்சிக்குப் பக்கத்துல ஒரு தடவை வழுக்கி, பின்னால எடுத்து மறுபடி ஏத்த வேண்டியதாப் போச்சு. அதுக்குப் பாயிண்ட் குறைப்பாங்க. போகட்டும், அவன்தான் முதல் வளைவுலயே விழப் போறானேன்னு இருந்துட்டான்.

வீரமலை பேட்டரியை மாட்டினான். வண்டி நேரா நகர்ந்துச்சு. வளைவு வந்துச்சு. இடது பக்கம் திருப்பினான், வண்டி இடது பக்கமே திரும்பிச்சு. முருகானந்தத்துக்கு ஒண்ணும் புரியல. வலது பக்கம்னா வலது பக்கம். சரிவுல சாயாம, வழுக்காம, பசை போட்டு ஒட்டின மாதிரி ஏறி உச்சியில போய் நின்னுச்சு.

வீரமலை ஓடிப் போய் வண்டியைத் தூக்கி, வயித்தைக் காட்டினான். சர்வோ தாழ இருந்துச்சு, தலைகீழா.

"பாத்தியா சகலை! உன்னை மாதிரியே மாட்டிட்டேன். ஹாலித்துக்கே தெரியாது, காலையில நானே உக்காந்து மாட்டினது. ஓட்டிக்கூடப் பாக்கல!"

ஹாலித் பதறினான். "அண்ணே, ரிமோட்டுல ஸ்விட்சை மாத்தினீங்களா?"

"எந்த ஸ்விட்சு?"

ஹாலித் ரிமோட்டை வாங்கிப் பாத்தான். "மாத்தித்தான் இருக்கு. மாத்தலேன்னா வளைவுலயே குப்புற விழுந்திருக்கும். யாரு மாத்தினது?"

"நம்ம முருகாதான்," கலீம் பாய் முன்னால வந்தாரு. "நான் கண்ணால பாத்தேன். இவர் மறந்துட்டாருன்னு தெரிஞ்சு, சத்தமில்லாம மாத்தி வெச்சாப்ல. அந்த மனசு யாருக்குய்யா வரும்?"

எல்லாரும் கை தட்டினாங்க. வீரமலைக்குக் கண்ணே கலங்கிடுச்சு. வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டான். "எனக்காகவா சகலை? உன்னைப் போய்த் தப்பா நினைச்சேனே. பந்தயமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ எப்பவும் போல வா. மாமாகிட்ட நானே சொல்றேன், நம்ம சின்ன மாப்பிள்ளை தங்கம்னு."

தலையை ஒரு தடவை ஆட்டினா போதும். ஞாயித்துக்கிழமையும் மிஞ்சும், மாமனார் வீட்டு ஃபேனும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும். முருகானந்தம் ஆட்டத்தான் பாத்தான். அப்ப வீரமலை, மாட்டைத் தட்டுற மாதிரி அவன் முதுகுல தட்டினான்.

"கையை எடு."

இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒரு 'ங்க' இல்லாம வந்துச்சு.

"உனக்கு உதவி பண்ண மாத்தல. நீ விழணும்னு மாத்தினேன். நீ சர்வோவைத் தாழ மாட்டியிருக்கேன்னு தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டேன். சும்மா இருந்திருந்தா நீயாவே விழுந்திருப்ப."

கலீம் பாய் தரையைப் பாத்தாரு. வீரமலையோட கை தானா இறங்கிச்சு. கையில இருந்த வண்டியை என்ன பண்றதுன்னே தெரியாம நின்னான்.

"அப்ப நான் ஜெயிச்சது?"

"நான் போட்ட பிச்சை. வெச்சுக்க."

தன் வண்டியை எடுத்துக்கிட்டு நடந்தான். இருன்னு ஒருத்தரும் சொல்லல. பஸ்ஸுல சன்னலோரமா உக்காந்து வண்டியை மடியில வெச்சுக்கிட்டான். சொன்னது எதையும் திருப்பி வாங்க மனசு வரல. கண்டக்டர் வந்து எங்க போகணும்னு கேட்டாரு. சத்திரம்னு சொல்லி டிக்கெட் வாங்கினான். ஞாயித்துக்கிழமைக்குக் கடை லீவு, திறந்தாலும் யாரும் வரமாட்டாங்க.