அடைப்புக்குறிக்குள் ஒன்று

"உங்க போனைக் குடுங்க, சார்."

இந்த ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே என்று, நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா சொல்லி வைத்திருந்தாள். லீவு கேள், காத்தாடி கடகடக்கிறது மாற்றுங்கள் என்று கேள், பிடிக்காவிட்டால் முகத்தைக்கூடத் தூக்கி வைத்துக்கொள். முதலாளியின் போனைக் கேட்காதே. அது அவர் சட்டைப் பையில் இருக்கும், இல்லாவிட்டால் கையில் இருக்கும். ஒருமுறை மேசையிலிருந்து நழுவிய அதை அயர்ன்காரர் பாய்ந்து பிடித்துக் கொடுத்தார். "எதுக்குத் தொட்டே?" என்றுதான் பதில் வந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். அப்புறம் என் முன்னால் இருந்த கணினித் திரையைப் பார்த்தார். அதில் நான் தட்டச்சு செய்யவேண்டிய கடிதம் பாதியில் நின்றது. வெட்டும் பணியாளரின் கவனக்குறைவால் தவறு நேர்ந்துவிட்டது, அந்தப் பணியாளர் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார் என்று ஹோட்டல்காரர்களுக்கு இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தார். எங்கள் பட்டறையில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த வெட்டும் பணியாளர் என் அம்மா.

நடந்தது இதுதான். நாங்கள் சீருடை தைக்கிறோம். ஒரு பெரிய ஹோட்டலின் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்குச் சட்டை தைக்க ஆர்டர் வந்தது. அவர்கள் கேட்டது முழுக்கை. எங்கள் கட்டிங் டேபிளில் மொத்தத் துணியும் அரைக்கையாக வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, மடித்துப் பையில் போடப்பட்டுப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. முழுக்கையாக வெட்டியிருந்தால் அரைக்கையாக்கிவிடலாம். வெட்டின கையை நீட்ட எந்தத் தையல்காரராலும் முடியாது.

எங்கள் பட்டறையில் அளவு காகிதத்தில் வராது. முதலாளியின் போனுக்கு வரும். வெட்டும் நாள் காலையில் அவர் டேபிளின் தலைமாட்டில் நின்று, போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, தெருவில் ஏலம் விடுகிறவர் மாதிரி உரக்க வாசிப்பார். மனதுக்குள் வாசிக்க அவருக்கு வராது. அம்மா டேபிள் ஓரத்தில் இருக்கும் சின்னக் கரும்பலகையில் எழுதிக்கொள்வாள். அதை வைத்துத் துணிமேல் கோடு போட்டு, கட்டிங் மெஷினை ஓட்டுவாள். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிடுவாள். அவர் சொன்னதற்கும் சாட்சி கிடையாது, இவள் எழுதியதற்கும் கிடையாது. இத்தனை காலமும் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சட்டைகள் திரும்பி வந்த அன்று முதலாளி எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார். ஹோட்டல்காரர்கள் இந்தத் தடவை சட்டைகளோடு சீட்டில் எழுதி அனுப்பியிருந்த அளவை எல்லோர் முன்னாலும் வாசித்தார். முழுக்கை. "நான் அன்னிக்கும் இதைத்தான் படிச்சேன். உனக்குக் காது கேக்கலைன்னா டாக்டரைப் பாரும்மா, என் துணியில பரிசோதனை பண்ணாத" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மாவைக் கட்டிங் டேபிளிலிருந்து எடுத்து, மூலையில் ஸ்டூல் போட்டு, நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்தார். பெண்கள் யாருக்கும் கிடைக்காத டேபிள் அது. அம்மா அதை யாரிடமும் கெஞ்சி வாங்கவில்லை. கை ஓடிய ஓட்டத்தில் வாங்கினாள்.

எனக்குப் பொறுக்காதது அந்தச் சிரிப்பு அல்ல. வீட்டில் அம்மா டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, "இப்ப கேக்குதா உனக்கு? எனக்குக் கேக்குது. இப்ப?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் காதைத் தானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை இவள் நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கு நினைவில் வந்தது ஸ்பேஸ் மச்சான்.

அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. பட்டறைக்கு மேனேஜர். முதலாளியின் போனைத் தொட அனுமதி உள்ள ஒரே ஆள். எப்போது பார்த்தாலும் "போன்ல ஸ்பேஸ் இல்ல" என்பார், அதனால் அந்தப் பெயர். முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஃபைல் உடனே திறக்காவிட்டால், கதவு தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே இருப்பார். தட்டின தடவையெல்லாம் ஒரு நகல் இறங்கும். முதலில் இறங்கியது வெறும் பெயரோடு இருக்கும். அடுத்தடுத்து இறங்குவதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று போன் தானாகவே எண் போட்டுவிடும். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் ஸ்பேஸ் மச்சான் பல் குத்திக்கொண்டே அதையெல்லாம் அழிப்பார். "பிராக்கெட் போட்டிருந்தா டூப்ளிகேட். கண்ண மூடிக்கிட்டுத் தூக்கலாம்" என்று எனக்கே ஒருமுறை பாடம் எடுத்திருக்கிறார்.

அது தப்பு என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். யார் கேட்டது? டிகிரி முடித்தவள் என்று கண்ணாடி அறைக்குள் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வருகிற வாடிக்கையாளர்களிடம் "நம்ம கட்டிங் அம்மா பொண்ணு, டிகிரி" என்று புதிதாக வாங்கிய மெஷினைக் காட்டுவது மாதிரி காட்டினார்கள். பில் அடிக்க வைத்தார்கள். கருத்து கேட்டதில்லை.

"எதுக்கு என் போனு?" என்றார் முதலாளி.

டவுன்லோட்ஸில் ஒன்றைப் பார்க்கவேண்டும், பார்த்தால்தான் இந்தக் கடிதத்தை முடிக்கமுடியும் என்றேன். ஸ்பேஸ் மச்சான் வாசலருகே சாய்ந்து நின்றிருந்தார். "படிச்ச புள்ள, மாமா. போனையே பாத்ததில்ல போல" என்றார்.

"போனெல்லாம் குடுக்க முடியாது. என்ன பாக்கணும்னு சொல்லு, நானே பாக்குறேன்" என்றார் முதலாளி.

அது எனக்கு இன்னும் வசதி. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தேன். மெஷின் சத்தம் உள்ளே வந்தது. எதற்கு என்று கேட்டார். புழுக்கமாக இருக்கிறது என்றேன். இருந்தது.

"ஃபைல்ஸ்னு மஞ்சள் கலர்ல இருக்கும் பாருங்க. அதுக்குள்ள போங்க. டவுன்லோட்ஸைத் தொடுங்க. ஹோட்டல் ஆர்டர் இருக்கா?"

போனை மூக்குக்கு நேரே கொண்டுபோனார். இருக்கிறது என்றார். எத்தனை என்றேன். ஒன்றுதான் என்றார். பக்கத்தில் எண் எதுவும் இல்லையே என்று உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"கட்டிங் அன்னிக்கு இங்கருந்துதானே படிச்சீங்க? சாட்ல இருந்து இல்லையே?"

"சாட்ல எழுத்து பொடிப்பொடியா தெரியும். நான் எப்பவும் டவுன்லோட்ல இருந்துதான் படிப்பேன். ஊருக்கே தெரியும்."

"அப்ப அதைத் திறந்து படிங்க."

அவர் வாசித்தார். வேறு எப்படி, உரக்கத்தான். தோள் அளவு, மார்பு அளவு, உயரம். "கை" என்று ஏலக்குரலில் இழுத்தவர் அங்கேயே நின்றார்.

வெளியே துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் அக்கா மெஷினை நிறுத்திவிட்டதை அந்தச் சத்தம் அறுந்ததில் தெரிந்துகொண்டேன்.

"படிங்க சார். கை?"

"அரை" என்றார். இந்த முறை ஏலக்குரல் இல்லை. ஆனால் அவருடைய சாதாரணக் குரலே பட்டறையின் கடைசி ஸ்டூல்வரை போகும்.

ஸ்பேஸ் மச்சான் சாய்ந்திருந்த கதவுச் சட்டத்தை விட்டு நிமிர்ந்தார். இது பழைய ஃபைலாக இருக்கும், புதியது வேறு இருந்திருக்கும், மாமா அன்றைக்கு அதைத்தான் வாசித்திருப்பார் என்று அடுக்கினார். நான் அவருக்காகத்தான் காத்திருந்தேன்.

"இருந்துச்சு. அதையும் பாத்துடுவோம். சார், வெளிய வந்து கீழ போங்க. குப்பைத்தொட்டி படம் போட்டிருக்கும். அழிச்சதெல்லாம் உடனே போகாது, ஒரு மாசம் அங்கதான் கெடக்கும்."

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் தன் கால்விரலைப் பார்த்தார். முதலாளி விரலை நகர்த்தினார்.

"ஹோட்டல் ஆர்டர் இருக்கா?"

"இருக்கு."

"பக்கத்துல?"

"பிராக்கெட்டுக்குள்ள ஒண்ணு போட்டிருக்கு."

குப்பையில் இருக்கும்போது அது திறக்காது, மீட்கச் சொன்னேன். மீட்டார். திறந்தார். கை என்று வாசித்தார். முழு என்றார். இப்போது எந்த மெஷினும் ஓடவில்லை. அயர்ன் பெட்டியிலிருந்து ஆவி போகும் சத்தம் மட்டும் வந்தது.

ஹோட்டல்காரர்கள் முதலில் அரைக்கை கேட்டார்கள், பிறகு மனம் மாறி முழுக்கை கேட்டு, அதே பெயரில் இன்னொரு ஃபைல் அனுப்பினார்கள். ஒரே பெயர் என்பதால் போன் அதற்கு எண் போட்டது. அது நகல் அல்ல, திருத்தம். இதை நான் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னேன். நிதானம் எனக்கு இயல்பில் வருவதில்லை, ஆனால் அன்று வந்தது. குப்பையில் போட்ட நாள் என்று திரையில் எது இருந்ததோ அதையும் சொல்லச் சொன்னேன். மீட்குமுன் பார்த்ததுதான், வெள்ளிக்கிழமை என்றார்.

"நாம வெட்டினது?"

வெளியிலிருந்து ஓவர்லாக் அக்கா சொன்னாள்: "அதுக்கடுத்த திங்கக்கிழமை. அன்னிக்குத்தான் கரண்டு போய்ப் போய் வந்துச்சு."

"அப்ப திங்கக்கிழமை உங்க போன்ல முழுக்கையே இல்ல சார். இல்லாததை எப்படிப் படிச்சீங்க?"

"கதவைச் சாத்து" என்றார் முதலாளி.

"அன்னிக்கு எங்கம்மா காதைப் பத்தி வெளிய வெச்சுத்தானே பேசினீங்க? இதுவும் வெளிய கேக்கட்டும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனைக் குப்புறக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. தான் வாசித்தது சரி என்று மனதார நம்பினார். ஆனால் நம்புவதற்கு முன்னால் ஒருதரம் போனைத் திறந்து பார்த்திருக்கலாம். அம்மாவின் காதைச் சந்தேகிப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார். அம்மா நாளையிலிருந்து, இல்லை, இப்போதே டேபிளுக்குப் போகட்டும். நான் இந்தக் கடிதத்தை மாற்றி, கணினிக் கோளாறு என்று எழுதிவிடவேண்டும். ஹோட்டல்காரனுக்கு யார் யார் என்றா தெரியப்போகிறது. இனிமேல் போனிலுள்ள ஃபைல்களை நானே அடுக்கி வைக்கலாம், போனையே தருவதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது போனை என் பக்கம் அரை விரல் தூரம் தள்ளவும் செய்தார். ஸ்பேஸ் மச்சானின் கண் விரிந்தது.

"கணினி ஒண்ணும் பண்ணலை சார். அது இந்த ரூமைவிட்டு வெளியவே போனதில்ல."

"உங்கம்மாவுக்கு டேபிள் கெடைச்சிருச்சில்ல? அப்புறம் என்ன வேணும் உனக்கு?"

"அவங்க முன்னாடி போய் நின்னு, படிச்சது நான்தான், தப்பு என்மேலன்னு சொல்லுங்க."

"முதலாளி தப்புன்னு சொன்னா அப்புறம் எவன் இங்க பயப்படுவான்? நாலு எழுத்துப் படிச்சிட்டா இந்தத் திமிரெல்லாம் வந்துடுது."

"ஆமா சார். அதுக்குத்தான் படிக்க வெச்சாங்க."

கடிதத்தை அழித்தேன். அத்தோடு நிற்காமல் கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன், திரும்ப எடுக்கத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை என்றாலும். மேசை இழுப்பறைச் சாவியை விசைப்பலகை மேல் வைத்தேன். நாற்காலியில் போட்டிருந்த என் சின்ன மெத்தை அங்கே இல்லையே என்று அப்போதுதான் முதலாளி கவனித்தார். அதைக் காலையிலேயே மடித்துப் பையில் வைத்துவிட்டேன். தண்ணீர் பாட்டிலும் சார்ஜரும் அதிலேயே இருந்தன. அவர் என்ன பதில் சொன்னாலும் நான் போகத்தான் வந்திருந்தேன். அம்மாவின் காதை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், அதுதான் பாக்கியிருந்தது.

பட்டறை நடுவே வந்தபோது அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மடியில் இருந்த நூல் பிசிறெல்லாம் சேலையில் ஒட்டியிருந்தது. என் பையைப் பார்த்தாள். வா என்று நான் கூப்பிடவில்லை. அது அவள் தன் கைத்திறனால் சம்பாதித்த டேபிள். என் கோபத்துக்காக அவள் அதை விடவேண்டியதில்லை.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, பொதுவாகச் சொன்ன மாதிரியும் இருந்தது.

ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போனாள். கரும்பலகையைத் துடைத்தாள். கண்ணாடி அறை வாசலில் வந்து நின்ற முதலாளியைப் பார்த்தாள். அவள் அவரை நேருக்கு நேராகப் பார்த்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"முழுக்கைக்குத் துணி விரிக்கணும். வந்து படிங்க முதலாளி. போனை டேபிள் மேல வெச்சுட்டுப் படிங்க. எனக்கும் நம்பர் படிக்கத் தெரியும்."

அயர்ன்காரர் கையிலிருந்த பெட்டியை நிறுத்தி வைத்தார். முதலாளி வாசலிலேயே நின்றார். போன் அவர் கையில் இருந்தது. சட்டைப் பைக்குள் போடவுமில்லை, டேபிளுக்கு வரவுமில்லை. அவர் எந்தப் பக்கம் போனார் என்று நின்று பார்க்க எனக்கு ஆசைதான். நிற்கவில்லை.

வாசலில் செருப்பைத் தேடும்போது ஓவர்லாக் அக்கா மெஷினிலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"வேற எடத்துல வேலை கெடைச்சிருச்சாடி?"

"இல்லக்கா."

"அப்புறம் எந்தத் தைரியத்துல போற?"

செருப்பு கிடைத்தது. மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.