அசைந்தால் தெரியும் ஆரோக்கியமேரி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் குடியிருக்கும் பென்னி, வீட்டுப் பழைய வீடியோக்களைச் சுருக்கி ஒரு பென்டிரைவில் அடக்கிய நாளிலிருந்து, அவன் அம்மா ஆரோக்கியமேரி அசையாமல் இருக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். கையைக் காலை ஆட்டினால் தெரிந்தாள். முதலில் இது வெளிப்பட்டது மாதா கோயிலில். பிரசங்கத்தில் கண்ணசந்தவள் மறைந்துவிட, இடம் காலி என்று நினைத்து விக்டோரியா டீச்சர் அவள் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வீடியோக்கள், அவள் கணவர் ராஜமாணிக்கம் பஹ்ரைனில் வெல்டராக இருந்து திரும்பியபோது கொண்டுவந்த கேம்கார்டரில் எடுத்தவை. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை, கிறிஸ்துமஸ் குடில், பழவேற்காட்டுப் படகு. எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஓடுவார்கள், கோழி ஓடும், ஆரோக்கியமேரி மட்டும் ஓரமாக விறைத்து நிற்பாள். கேமரா என்றால் போட்டோ, அசைந்தால் படம் கெட்டுவிடும் என்பதே அவள் அறிந்தது. இது வீடியோ, நடக்கலாம், பேசலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வருடங்கள் கழித்து டேப்புகளில் பூஞ்சை பிடித்ததும் பொன்னேரி ஸ்டுடியோவில் கொடுத்து ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, டேப்புகளைக் குப்பையில் போட்டார்கள். ஓசூரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஸ்நேகா போனில் பார்க்கக் கேட்டாள். பென்னி இருப்பதிலேயே சின்ன அளவாகச் சுருக்கச் சொல்லித் தட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனான். திரும்பி வந்து, படம் ஓடுகிறது என்று தெரிந்ததும், முழுசாகப் பார்க்காமலேயே டிஸ்கில் இருந்ததை அழித்துச் சினிமா ஏற்றிக்கொண்டான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

பிறகு பார்த்தபோது அம்மா நின்ற இடங்களில் எல்லாம் பின்னாலிருந்த சுவரும் வானமும்தான் இருந்தன. ஸ்டுடியோக்காரர் தேசப்பன் போட்டுப் பார்த்தார்.

"சுருக்கும்போது அசையிறத மட்டும்தான் திரும்பத் திரும்ப எழுதும் தம்பி. அசையாதத அப்படியே உட்டுரும். நீ அளவுக்கு மேல சுருக்கிக்கினே. அம்மாவ செவுத்தோட செவுரா சேத்துடுச்சி."

"திரும்ப எடுக்க முடியாதாண்ணே?"

"தூக்கிப் போட்டத எங்க போய் தேடறது?"

பென்னி பொன்னேரி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதான். ரயில் வந்தது, ஏறினான்.

வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. ஆரோக்கியமேரி ஒவ்வொரு முறை படுத்து எழும்போதும், திரும்பத் தெரிவதற்கு முன்னைவிட நேரமானது. அம்மா ஒரேயடியாகப் போய்விடுவாளோ என்று ஸ்நேகா போனில் கதறினாள். அதனால் உட்காரவே கூடாது என்று அப்பாவும் பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள். பெருக்கிய தரையை அவள் மறுபடி பெருக்கினாள், துவைத்ததைத் துவைத்தாள். அந்த ஆனி மாதம் அவர்கள் வீட்டுப் பாத்திரங்களைப்போலத் தெருவில் எந்தப் பாத்திரமும் மின்னவில்லை. முழங்கால் இரண்டும் பூசணி போல வீங்கின.

"கொஞ்சம் நடந்துக்கினே இரும்மா, உன்ன கும்புடுறேன்" என்றான் பென்னி.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "உக்காந்தா மறைஞ்சி போறேன், வேலை செஞ்சா தெரியறேன். முப்பது வருசமா அப்படித்தானேடா கீது? இதுல புச்சா இன்னாத்துக்கு அழுவுறே? காலு வலிக்குதுடா."

சொல்லிவிட்டு ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதோடு மறைந்தாள். டேப்புகளில் அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை என்பதால் குரலும் கேட்கவில்லை. பென்னி நாற்காலியைத் தொட்டுப் பார்க்கப் பயந்தான்.

ராஜமாணிக்கம் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்தவரில்லை. சோற்றுப்பானை எங்கே, கரண்டி எங்கே என்று தேடி, பாதிக் குழம்பைக் கீழே சிந்தி, ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து நாற்காலி முன்னால் முக்காலியில் வைத்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காற்றில், அசைந்த ஐந்து விரல்கள் மட்டும் தெரிந்தன. சோற்றைப் பிசைந்தன, மேலே போயின, மறைந்தன, மறுபடி இறங்கின.

"உப்பு பத்தல போல" என்றார் ராஜமாணிக்கம். விரல்கள் ஆமாம் என்பதுபோல ஆடின.

இப்போது அந்த வீட்டில் அதுதான் வழக்கம். வேலைக்குப் போகுமுன் யாராவது ஒருவர் தட்டை வைத்துவிட்டு, கை தெரியும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். சிப்காட் பஸ் அதற்குள் போய்விட்டால் அடுத்த பஸ்ஸில் போகிறார்.