அர்மான் பிலோடோ கூரையில் முட்டிய செவ்வாய்க்கிழமை

அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் நான்கு சதவீத வாக்குகள் எண்ணப்பட்டிருந்தபோது, டங்க்ளி ஊரின் ஓய்வுபெற்ற காகித ஆலைத் தொழிலாளி அர்மான் பிலோடோ சமையலறைத் தரையை விட்டு எழும்பி, கூரையில் முதுகு முட்டி நின்றார். அப்போது மணி இரவு ஏழு இருபது. அவர் ஆதரித்த கவர்னர் டெவெனி இருபத்திரண்டு புள்ளிகள் முன்னணியில் இருந்தார். கையிலிருந்த பட்டாணி சூப்பில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அவர் மனைவி லோரெட் அடுப்படியில் நின்று இதைப் பார்த்தாள். இருவருக்கும் பேச்சு நின்று பதினேழு நாளாகியிருந்தது.

நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடியில், நான்கு வருடத்துக்கு ஒருமுறை, வேட்பாளர்கள் வீடு வீடாக வந்து கை குலுக்குவது பனி பெய்வதைப் போலச் சாதாரணம். அந்த ஜனவரியில் டங்க்ளியின் காலை உணவுக் கடைக்கு டெவெனி வந்தார்; மூடிய ஆலையைத் திறப்பேன் என்றார். அர்மான் அன்றே வாசலில் அவர் பெயர்ப் பலகையை நட்டார். அடுத்த வாரம் அதே கட்சியின் செனட்டர் ஹாலோரன் வந்தார். ஆலை திறக்குமா என்று லோரெட் கேட்டதற்கு, "எனக்குத் தெரியலம்மா. திறக்காதுன்னுதான் தோணுது. அதுக்குப் பதிலா என்ன செய்யலாம்னு பேசலாமா?" என்றார். நாற்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் முதன்முறையாக அந்த வாசலில் இரண்டு பலகைகள் நின்றன. அதுவரை ஊர் சிரித்தது, அவர்களும் சிரித்தார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, அர்மான் சொல்லிவிட்டார்: "ஆலைக்குள்ள ஒரு நாள் நின்னிருந்தா இவளுக்குத் தெரியும். வீட்ல இருந்தவளுக்கு என்ன தெரியும்?"

ஆலை மூடிய பிறகு பதினேழு மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, லோரெட் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த கைகளால். அன்று கடையில் பாதித் தட்டு அப்பத்தை அப்படியே வைத்துவிட்டு அவள் எழுந்து வந்தாள். மாநிலத்தின் தெற்கே மான்செஸ்டர் நகரத்தில் இருக்கும் தங்கைக்குச் சொல்லியாகிவிட்டது. பெட்டி கட்டி, கட்டில்மேல் இருந்தது. யார் ஜெயித்தாலும் புதன்கிழமை காலை பஸ்.

எட்டு மணிக்கு அர்மான் கூரையிலேயே இருந்தார். குளிர்சாதனப் பெட்டியின் தலையில் தூசி ஒரு விரல் தடிமனுக்கு இருந்ததைப் பார்த்துவிட்டு, சொல்ல ஆளில்லாமல் தவித்தார். வடக்கு ஊர்கள் ஒவ்வொன்றாக வர வர முன்னணி கூடியது; அவர் முதுகு கூரைப் பலகையில் இன்னும் அழுந்தியது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆலையின் சங்கு கடைசியாக ஊதிய நாளுக்குப் பிறகு அந்த முகத்தை லோரெட் பார்த்ததில்லை. அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். தெற்கே பெரிய நகரங்கள் இன்னும் எண்ணப்படவில்லை. நகரங்கள் ஹாலோரன் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். இந்த மனுஷனுக்கு வயது எழுபத்திரண்டு. போன வருடம்தான் இடுப்பெலும்பில் இரும்பு வைத்திருந்தார்கள்.

அவள் ஊர் எழுத்தர் பேர்ல் ஹட்சின்ஸுக்குப் போன் போட்டாள்.

"பேர்ல், எங்க வீட்டு ஆளு கூரையில ஒட்டிக்கிட்டிருக்காரு."

"உங்க வீட்லயுமா? இதோட ஏழு. தீயணைப்பு வண்டியில ஏணி ஒண்ணுதான் இருக்கு, வரிசையில வரும்."

"ஏணி வேணாம். மான்செஸ்டர் கணக்கை ஒரேயடியா விடாம, கொஞ்சம் கொஞ்சமா விடச் சொல்லேன்."

"லோரெட், மான்செஸ்டரு ஒம்பது மணிக்கு மொத்தமாத்தான் வரும். உன் புருஷனுக்காக ஓட்டைப் பிடிச்சு வைக்க முடியுமா? மெத்தை இருக்கா?"

எட்டு ஐம்பத்தைந்து. லோரெட் படுக்கையறைக்கு ஓடினாள். மெத்தைமேல் பெட்டி குறுக்கே கிடந்தது. அதை ஒரு தள்ளு தள்ளினாள். பாவாடைகளும் குளிர்ச்சட்டைகளும் தரையெங்கும் கொட்டின. மெத்தையை இழுத்து இழுத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்து, மேலே அண்ணாந்து பார்த்து, இடதுபக்கம் இரண்டடி தள்ளிப் போட்டாள். தன் ஆள் ஜெயிக்கப் போகும் நேரத்தில், மெதுவா ஜெயிங்க, மெதுவா ஜெயிங்க என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மான்செஸ்டர் வந்தது. இருபத்திரண்டையும் தாண்டியிருந்த முன்னணி இரண்டாயிற்று. அர்மான் பலாப்பழம் விழுவது மாதிரி வந்தார். மெத்தையில் மோதி எழும்பி, மெத்தைக்கு ஒரு சாண் மேலே, அவள் முகத்துக்கு நேராக நின்றார். சூப் மட்டும் இம்முறை சுவரெல்லாம்.

"அடிபட்டுச்சா?" என்றாள். பதினேழு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை அதுதான்.

"இல்ல." அவர் மெத்தையைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகப் படுக்கையறைத் தரையில் சிதறிய துணிகளைப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குப் புரிந்தது. இறங்கி நடந்து போய்விடலாம் என்றாலும் காலுக்குத் தரை எட்டவில்லை.

"லோரெட், அன்னிக்குக் கடையில நான் சொன்னது தப்பு. ஆலை என்னைக் கைவிட்டப்போ நீதான் சோறு போட்டே. அதை நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் வேற என்னமோ சொல்லிட்டேன்."

"நாலு பேர் முன்னாடிதானே திட்டினே?"

"சனிக்கிழமை கடைக்கு வா. அதே நாலு பேர் முன்னாடி சொல்றேன். தரையில நின்னு சொல்றேன்."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாஷுவா நகரத்தின் கணக்கு வந்தது. அர்மானின் பாதங்கள் மெத்தையில் பதிந்தன, லோரெட்டின் செருப்புகள் தரையை விட்டுக் கிளம்பின. அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, அந்த ஆளை அவ்வளவு பிடிக்குமா உனக்கு?"

"உன்னளவுக்கு இல்ல. நீ கூரையையே தொட்டே."

இருவரும் சிரித்த சிரிப்பில், ஏணியோடு வாசலுக்கு வந்த தீயணைப்பு ஆட்கள் தவறான வீடோ என்று திரும்பிப் போனார்கள்.

ஹாலோரன் ஆயிரத்து நூற்று நாற்பது வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அத்தனை சிறிய வித்தியாசத்துக்கு அரைச் சாண் உயரம்தான் கிடைத்தது. பதினெட்டு நாள் லோரெட் அந்த உயரத்திலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாள். மேல் அலமாரிப் பாத்திரங்களை எடுக்க வசதியாக இருக்கிறது என்று தலைமையாசிரியை பாராட்டினார். காற்று வீசும் நாட்களில் அர்மான் அவள் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். சனிக்கிழமை கடையில் அவர் சொல்ல வேண்டியதை எல்லோரும் கேட்கும்படி சொன்னார். கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார். பெட்டியில் இருந்த துணிகள் அலமாரிக்குத் திரும்பின. அடுத்து வந்த தென் கரோலினா மாநிலத் தேர்தலில் ஹாலோரன் தோற்ற இரவு லோரெட், தொட்டிலில் குழந்தையை இறக்குகிற பதத்தில், தரைக்கு வந்தாள். கோடைக்குள் டெவெனியும் ஹாலோரனும் இருவருமே விலகிக்கொள்ள, ஒஹையோக்காரர் ஒருவர் வேட்பாளரானார். அவருக்காக டங்க்ளியில் யாரும் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

அடுத்த மார்ச் மாதத்து ஊர்க் கூட்டத்தில் பேர்ல் ஹட்சின்ஸ் ஆண்டறிக்கையை வாசித்தார். நாய் உரிமங்கள் நூற்றுப் பன்னிரண்டு, திருமணங்கள் மூன்று, தேர்தல் இரவில் முதல் முடிவுகளைக் கேட்டு மேலே எழும்பியவர்கள் ஏழு, பிற்பாடு எழும்பியவர் ஒருவர், காயம் எவருக்கும் இல்லை. கூட்டம் கை தூக்கி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. பிறகு சாலையில் தூவும் உப்பின் விலையைப் பற்றி இரண்டரை மணி நேரம் சண்டை நடந்தது.