பித்தளைக்குப் பிடித்த கரி

நாலாவது தோட்டா வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஐந்தாவது போய் ஒரு சாண் மேலே உட்கார்ந்துகொண்டது. நாசமாய்ப் போக! வெர்னா ஹாக்கன்பெரி துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுத்து, காதடைப்பைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஆயிரம் கஜத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் நின்ற வெள்ளை அட்டையை முறைத்தாள். அங்கே பதுங்குகுழியில் இருந்து அட்டையைப் பார்த்துச் சொல்பவர் நாரிஸ், துப்பாக்கிச் சங்கத்து அணியின் கேப்டன். வாக்கிடாக்கி கரகரத்தது.

“வெர்னா, அந்த அஞ்சாவது எனக்கா, இல்ல மரத்து மேல இருக்கிற அணிலுக்கா?”

“உனக்குத்தான்யா. தப்பிச்சுட்ட.”

“சிரிச்சுக்கோ. சனிக்கிழமை நான் தட்டோட வருவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

தட்டு என்றால் சங்கத்துக் காப்பிக் கோப்பையின் அடித்தட்டு. ஓரம் உடைந்தது. அட்டையின் மேல் அதை வைத்தால் ஐந்து துளைகளும் மறைய வேண்டும். மறைந்தால் மலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கத்தோடு மோதும் நால்வரில் இடம் உண்டு. ஒரு துளை வெளியே எட்டிப் பார்த்தாலும் வேலியோரம் நின்று கைதட்ட வேண்டியதுதான். வெர்னா தன் நாற்பதாவது வயதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் அந்த நால்வரில் இருந்தவள்.

இந்த வசந்தத்திலிருந்துதான் இந்த ஏழரை. அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. தொலைநோக்கியைக் கழற்றி வேறு மாட்டினாள். துப்பாக்கிக் குழலைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தாள். சுட்ட தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தும் புதுக் குண்டும் நிலவறை மேசையில் அவளே தன் கையால் அடைப்பாள். ஆகவே மருந்தை நிறுக்கும் தராசைச் சந்தேகப்பட்டாள். தராசின் மேல் காற்று படுகிறதென்று ஜன்னலுக்குத் துணி அடைத்தாள். குண்டை மயிரிழை உள்ளே தள்ளிப் பார்த்தாள், வெளியே இழுத்துப் பார்த்தாள். வேகம் அளக்கும் கருவி மட்டும் ஒரே பாட்டைப் பாடியது: ஒரு குண்டு வேகமாகப் போகிறது, ஒன்று சோம்பிப் போகிறது. ஏன் என்று அது சொல்லவில்லை. கடைசியில் தன் கண்ணையே சந்தேகப்பட்டு டாக்டரிடம் போனாள். அந்தப் பெண் சோதித்துவிட்டு, “பருந்துக் கண்ணும்மா உங்களுக்கு” என்று அனுப்பிவைத்தாள். பருந்தாம்!

துப்பாக்கியைத் துடைக்கத் துணி தேடி பிக்கப் வண்டியின் இருக்கைக்கு அடியில் கையை விட்டபோது அந்தப் பெட்டி தட்டுப்பட்டது. போன இலையுதிர் காலத்தில் அடைத்து மறந்துபோன தோட்டாக்கள். அதே மருந்து, அதே குண்டு. கழுத்தெல்லாம் கரி படிந்து அடுப்படியிலிருந்து வந்தவை மாதிரி இருந்தன. போகிற போக்கில் இதையும் பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

“நாரிஸ், குழியிலயே இரு. இன்னும் அஞ்சு இருக்கு.”

ஐந்தையும் சுட்டாள். வாக்கிடாக்கியில் நாரிஸின் குரல் கேட்டது: “இப்ப சுட்டது யாரு?”

“நான்தான். ஏன்?”

“தட்டு வேண்டாம் தாயே. கோப்பையே போதும்.”

வெர்னா துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். அவளோ பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது கையில் புதுத் தோட்டா ஒன்று, வலது கையில் கரி படிந்த பழைய கூடு. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். புதியது தங்கம்போல மின்னியது.

மின்ன வைத்தவன் டெல்பர்ட், அவள் புருஷன். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, பனிக்காலம் முழுக்க வீட்டில் கை சும்மா இருக்க முடியாமல் தவித்தவன். வெடிச்சத்தம் ஆகாது, அவள் சுடும்போதெல்லாம் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவான். அப்படிப்பட்டவன் அவளுக்குத் தெரியாமல் ஒரு சுழல் உருளை வாங்கி, சோப்புத் தண்ணீரும் எஃகு ஊசிகளும் போட்டு, அவளுடைய காலிக் கூடுகளை உள்ளும் புறமும் தேய்த்து, அவள் பிறந்தநாளன்று ரிப்பன் கட்டிக் கொடுத்தான். சங்கமே வாயைப் பிளந்தது. வெர்னா அவனுக்கு எல்லார் முன்னாலும் முத்தம் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் சுடச் சுடக் கூடுகளை அவனே கழுவிக் கொடுத்தான். அதற்கப்புறம் உலகத்தில் இருக்கிற அத்தனையையும் சந்தேகப்பட்டாள், அந்தப் பரிசைத் தவிர.

கழுவிய காலிக் கூடு ஒன்றையும் எடுத்து, இரண்டின் கழுத்துக்குள்ளும் தீக்குச்சியை விட்டுத் தேய்த்தாள். கழுவியது கிறீச்சென்றது. பழையது வழுக்கியது. அடைக்கும்போது, குண்டைக் கூட்டுக்குள் அழுத்தும் நெம்புகோலில் சில குண்டுகள் முரண்டு பிடித்ததும் இப்போதுதான் உறைத்தது. இதை எப்படி அந்த மனுஷனிடம் சொல்வது? சொன்னால் முகம் வாடும். சொல்லாவிட்டால் வேலியோரம். பழைய தோட்டாக்களும் தீர்ந்துவிட்டன.

வீட்டில் டெல்பர்ட் தன் இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சட்டியை வேறு யாரும் தொடக் கூடாது. வெர்னா அதையே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“யோவ், ஒருதடவை இந்தச் சட்டிய நான் சோப்புப் போட்டுக் கழுவினேனே, ஞாபகம் இருக்கா?”

“மறப்பேனா? சட்டி பழகறதுக்கு வருஷக்கணக்கா ஆச்சு. நீ ஒரு நிமிஷத்துல மொட்டை அடிச்சுட்ட. அன்னிக்கு முட்டை ஒட்டின ஒட்டு இருக்கே!”

“எவ்வளவு நாள் பேசாம இருந்த?”

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாதிரியார் கேக்கற வரைக்கும்.” சொல்லிவிட்டுக் கரண்டியை நிறுத்தினான். அவள் மேசை மேல் வைத்த இரண்டு கூடுகளைப் பார்த்தான். ஒன்று கறுப்பு, ஒன்று தங்கம். சட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“அடிப்பாவி! நானா?”

“நீயேதான்.”

“ஒட்டுதா?”

“ஒண்ணு ஒட்டுது, ஒண்ணு ஒட்டல. அதான் மேலயும் கீழயும் போகுது.”

டெல்பர்ட் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். ஐயோ, வருத்தப்படுகிறானே என்று வெர்னா பதறினாள். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், இவளும் சேர்ந்துகொண்டாள். உருளைக்கிழங்கு கருகியது. இரண்டு பேரும் அதையே தின்றார்கள்.

பென்சிலுக்குள் இருக்குமே அந்தக் கரி, அதன் தூளை ஒரு ஜாடியில் கொட்டி, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு கூட்டின் கழுத்தையும் டெல்பர்ட்தான் முக்கி முக்கிக் கொடுத்தான். அவளைத் தொடவிடவில்லை. அவன் கையில் ஏறிய கரி கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. “கெடுத்தவன் நான். நான்தான் பழக்குவேன்.” நெம்புகோல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. வெர்னாவின் உச்சி குளிர்ந்தது. ஆனாலும் சுட்டுப் பார்க்க நேரம் இல்லை.

சனிக்கிழமை காற்று அடங்கி இருந்தது. ஐந்தையும் சுட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். டெல்பர்ட் வண்டிக்குள் இல்லை. அவளுக்குப் பின்னால், பெரிய காதடைப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“இங்க என்னய்யா பண்ற?”

“என்ன?” என்று கத்தினான். காதடைப்பை எடுக்க மறந்துவிட்டான்.

தூரத்தில் அட்டைகளை ஏற்றிக்கொண்டு குழியிலிருந்து வண்டி கிளம்பியது. வெர்னாவால் பார்க்க முடியவில்லை. பருந்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “நீயே பாரு” என்று ஸ்டாண்டில் இருந்த தொலைநோக்கியின் பக்கம் அவனைத் தள்ளினாள்.

“நாரிஸ் பின்னாடி நிக்கிறான்” என்றான் டெல்பர்ட். “அட்டையப் பிடிச்சிருக்கான். தட்டை மேல வைக்கிறான்... கொஞ்சம் நகத்துறான்... வண்டி ஆடுது, சனியன்!”

“அப்புறம்?”

அவள் கண்ணைத் திறந்தாள். டெல்பர்ட் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்திருந்தான். கரி விரல் பட்டுக் கண்ணைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம், மூக்கில் கரி, காது வரைக்கும் விரிந்த வாய். இரண்டு கறுத்த உள்ளங்கைகளையும் விரித்துக்கொண்டு, அவளுடைய வெள்ளைச் சட்டையை நோக்கி ஓடி வந்தான்.