இரண்டாவது படிக்கட்டு

மேல்தளத்துக்கு கான்கிரீட் போட்டு முடித்தால் கட்டடத்தின் சொந்தக்காரன் வேலையாட்களுக்கு மாட்டிறைச்சி சுட்டு விருந்து வைக்கவேண்டும். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் எந்தக் கஞ்சனும் அதில் மட்டும் கைவைக்க மாட்டான். கால்பந்து கிளப்பின் தலைவர் அவெலினோ பெர்துக்கோ கைவைத்தார். வேலையாட்களுக்குக் கீழே வெறும் ரொட்டியும் சாசேஜும். மாடியில் நிர்வாகிகளுக்கு ஒயினோடு முழு விருந்து.

நோயெமி பர்சோலா கடுகடுவென்று படியேறினாள். கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் அவள். வட மாகாணங்களிலிருந்து ஆட்டம் பழக வரும் பையன்களுக்கான விடுதி. பென்சிலைத் தொடும் முன்பே அவர்களுடைய பெற்றோர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தாள். வடக்கே ஃபொர்மோசா மாகாணத்திலிருந்து வந்த ஒரு தாய் கட்டிலைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. "ராத்திரில தீ கீ பிடிச்சா எம்புள்ள எந்தப் பக்கமா ஓடுவான்?" என்று மட்டும் கேட்டாள். "ரெண்டு பக்கமும் படி வைக்கறேம்மா. நான் பாத்துக்கறேன்" என்று நோயெமி வாக்குக் கொடுத்தாள்.

அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காகச் சில வாரம் அவளால் வேலையிடத்துக்கு வரமுடியவில்லை. அவ்வளவுதான், அதற்குள் நடந்துவிட்டது. மாடிக் கூடத்தின் மறுகோடியில், இரண்டாவது படிக்கட்டு இறங்கவேண்டிய இடத்தில், செங்கல்லில் கட்டிய பெரிய அடுப்பு நின்றது. கம்பிகளின்மேல் விலா எலும்பு சொட்டுச் சொட்டாகக் கொழுப்பு வடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களிலெல்லாம் இரும்புக் கம்பி வேறு.



"படி எங்கே?"

"வா வா, கண்ணு" என்றார் பெர்துக்கோ. "அதான் அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கே. சின்னப் பசங்க, முயலு மாதிரி ஓடிருவானுங்க. நாங்க மேட்ச் பாத்துட்டு எங்க உக்காந்து சாப்பிடறது, சொல்லு?"

"ஜன்னல்ல கம்பி?"

"ராத்திரி டான்ஸ் ஆடப் போயிருவானுங்க. மாத்தின வரைபடத்துல நீ ஒரு கையெழுத்தப் போடு, நகராட்சிய நான் பாத்துக்கறேன். இன்னிக்கி நல்ல நாளு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

நிர்வாகிகள் சிரித்தார்கள். சாப்பிடும் முன் இறைச்சி சுட்டவனுக்குக் கைதட்டுவது வழக்கம். ஒருவர் கண்ணாடிக் கோப்பையை உயர்த்தி, "அடுப்புக்காரருக்கு ஒரு கைதட்டு!" என்று ஆரம்பித்தார்.

இந்த ஆட்களிடம் பேசிப் பேசியே நோயெமி அலுத்திருந்தாள். நேராக அடுப்பிடம் போனாள். புகைபோக்கியின் சங்கிலியை இழுத்துத் தகட்டை மூடினாள். பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி, இறைச்சியோடு சேர்த்துக் கங்கின்மேல் கொட்டினாள்.

"ஐயோ, கறி!" என்று யாரோ அலறினார்.

சாம்பலும் ஆவியும் புகையும் கூடத்தை மூடிக்கொண்டன. ஜன்னலுக்கு ஓடியவர்கள் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். மற்றவர்கள் இருந்த ஒரே படியில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினார்கள். பொருளாளர் விழுந்தார், அவர் கையை மிதித்துக்கொண்டே தலைவர் இறங்கினார். கழுத்துத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு நோயெமி கடைசியாக வந்தாள்.

முற்றத்தில் பெர்துக்கோ கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தார். "பைத்தியமாடி உனக்கு? கொல்லப் பாத்தியே!"

"வெறும் புகை. பட்டப்பகல். முழிச்சிட்டிருந்த பெரிய மனுஷங்க நீங்க, ஒருத்தர ஒருத்தர் மிதிச்சுட்டு வந்தீங்க" என்றாள். "மேல தூங்கப்போறது குழந்தைங்க. கையெழுத்தா வேணும் உங்களுக்கு? என் கையே போனாலும் கிடைக்காது!"



ரொட்டியைக் கையில் பிடித்தபடி வேலையாட்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி எலியோதோரோ தொப்பியைக் கழற்றினார். "படிக்குப் பதிலா அடுப்புன்னு நீங்களே சம்மதிச்சிட்டதா சொன்னாங்க, ஆர்க்கி. நம்பிட்டோம்" என்றார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, "அடுப்புக்காரம்மாவுக்கு ஒரு கைதட்டு!" என்று கத்தினார். முற்றமே அதிர்ந்தது.

நோயெமி சிரிக்கவில்லை.

"கைதட்டினது போதும், மேஸ்திரி. சம்மட்டிய எடுத்துட்டு மேல வாங்க."